பட்டியலில் கடைசி வீடு

ஆர்லன் ரீகர் வருஷத்துக்கு முந்நூறு வீடுகளுக்கு இரண்டு முறை போவான். வசந்தத்தில் புல்தரைக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு முறை, அக்டோபரில் அந்தத் தண்ணீரைக் காற்றால் ஊதி வெளியேற்ற இன்னொரு முறை. கோடை முழுக்க உடைந்த தெளிப்பான்களை மாற்றிக்கொண்டிருப்பான். நவம்பர் பிறந்துவிட்டால் ஏப்ரல் வரை வேலை இல்லை. கொஞ்ச நாள் மான் வேட்டை, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடி, மற்ற நேரமெல்லாம் ஆற்றோரத்து டிரெய்லர் வீட்டில் வானொலியோடு தனியாக.

அவனும் என் கணவர் கில்பர்ட்டும் சேர்ந்து ஆரம்பித்த தொழில் அது. பள்ளம் தோண்டித் தோண்டியே கில்பர்ட்டின் முதுகு போய்விட்டது. இப்போது அவர் முன்னறைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறார். தொலைபேசி எடுப்பதும், எந்த நாளில் எந்த வீடு என்று பட்டியல் போடுவதும் என் வேலை. சமையலறை மேசைதான் அலுவலகம். ஆர்லனுக்கு நடந்ததில் அந்தப் பட்டியலுக்கும் பங்கு உண்டு. ஆகவே எனக்கும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பில்லிங்ஸில் அக்டோபர் என்றால் சர்க்கரை ஆலையில் பீட் கிழங்கு வேகும் வாடை ஊரெல்லாம் பரவியிருக்கும். புதிதாக வந்தவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அந்த வாடை வந்தாலே குழாய் ஞாபகம் வந்துவிடும். மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் தண்ணீரை விட்டுவைத்தால், குளிரில் அது உறைந்து உப்பி, வசந்தத்தில் தோட்டமே சல்லடையாகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் போவது வீட்டுச் சுவரை ஒட்டி வெளியே நிற்கும் பித்தளை வால்வு. மண்ணின் கதகதப்பு அதற்குக் கிடையாது.

ஆர்லன் அந்த வேலையைச் செய்யும்போது நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டிரக்குக்குப் பின்னால் மஞ்சள் நிறக் கம்ப்ரஸர் வண்டியை இழுத்து வருவான். நிலவறைக்குப் போய்த் தண்ணீரை மூடிவிட்டு, வெளியே பித்தளைக்குப் பக்கத்தில் காற்றுக்குழாயை மாட்டுவான். பிறகு தோட்டத்துக் குழாய்களை ஒவ்வொரு பகுதியாகத் திறப்பான். தெளிப்பான்கள் தலை நீட்டும். முதலில் தண்ணீர் சீறும், அப்புறம் இருமும், கடைசியில் வெறும் புகையாக வரும். புகையானதும் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் இல்லாத குழாயில் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரங்கள் உருகிப்போகும். ஆர்லன் அதற்குக் கடிகாரம் பார்க்க மாட்டான். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பான், அவ்வளவுதான்.

அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கூச்சம். பெண்களோடு பேசும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பான். என்னோடு மட்டும் சரளமாகப் பேசுவான், நான் பெண் என்பதே அவனுக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

இனி கார்லிஸ் ஹாகன். அவளும் அவள் புருஷன் லீஃபும் ஊர் விளிம்பில் மலைபோல நிற்கும் பாறைச் சுவருக்குக் கீழே இருக்கும் தெருவில் குடியிருந்தார்கள். லீஃப் ரயில்வேக்காரன். கார்லிஸ் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். கண்ணாடியைப் பார்த்தபடியே கடைசி இருக்கைப் பயல்களை அதட்டி அதட்டி, குரல் அப்படியே நின்றுவிட்டது. அவள் சாதாரணமாகக் கூப்பிட்டாலே தெருமுனையில் நாய் திரும்பிப் பார்க்கும்.

அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒவ்வொரு குழாயும் ஆர்லன் கையால் போட்டது. அப்போது அவனுக்கு நாற்பது வயது. அவன் தோண்டும்போது லீஃப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொல்வானாம்: "ஆழமா போடு ஆர்லன், இன்னும் ஆழமா. என் பொண்டாட்டி கையில எப்பவும் மண்வெட்டி இருக்கும். எங்க வேணா குத்துவா." இரண்டு நாள் வேலை முடிவதற்குள் இரண்டு பேரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். பன்னிரண்டு குளிர்காலம் ஒரே பனிக்கூடாரத்தில் உட்கார்ந்து மீன் பிடித்தார்கள்.

பிறகு ஒரு பிப்ரவரியில் லீஃப் மாரடைப்பில் போய்விட்டான். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஆர்லனும் ஒருவன்.

அந்த வருஷம் செப்டம்பரில் கார்லிஸ் எனக்கு ஃபோன் செய்தாள்.

"லோர்னா, இந்தத் தடவை என் வீட்டைக் கடைசியா போடுங்க."

"கடைசின்னா அக்டோபர் இருபத்தெட்டு ஆயிடுமே. அதுக்குள்ள உறைஞ்சா?"

"நான் பாத்துக்கறேன். ஒரு நாள்ல பதினோரு வீடு பாக்கற மனுஷன், நடுவுல வந்தா பத்து நிமிஷத்துல ஓடிடுவாரு. கடைசி வீடா இருந்தா உக்காந்து ஒரு காபியாவது குடிப்பாரு இல்ல? அவரை விட்டா லீஃபைப் பத்திப் பேச எனக்கு யாரு இருக்கா?"

ஃபோனை வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "இதை அவர்கிட்ட சொல்லாதீங்க."

சொல்லவில்லை. அந்த அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி ஆர்லன் அங்கே போய், காபி குடித்து, அவள் சுட்ட உருளைக்கிழங்கு லெஃப்ஸெ ரொட்டி நாலு தின்றுவிட்டு என் சமையலறைக்கு வந்தான். கன்னம் சிவந்திருந்தது.

"மிஸஸ் ஹாகன் நல்லா இருக்காங்க" என்றான்.

அவ்வளவுதான். அடுத்த வருஷமும் அதே ஃபோன், அதே தேதி, அதே வாக்கியம். அதற்கடுத்த வருஷமும். லீஃபைப் பற்றிப் பேசத்தான் என்று முதல் வருஷம் நம்பினேன். மூன்றாவது வருஷம் தேதியைச் சொல்லும்போதே கார்லிஸின் குரல் தாழ்ந்தது. பேருந்துக்காரியின் குரல் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

கில்பர்ட்டுக்கும் புரிந்திருந்தது. "மத்த வீட்டையெல்லாம் இருபது நிமிஷத்துல ஊதறவன், அந்த வீட்டை மட்டும் ரெண்டு மணி நேரம் ஊதறான். அவ்வளவு ஊதினா ஆத்துத் தண்ணிகூட வெளிய வந்துடும்" என்பார். ஆர்லன் சிரித்துவிட்டுத் தொப்பியை உருட்டுவான்.

இப்படி ஒன்பது வருஷம். வசந்தத்தில் தண்ணீர் திறக்கப் போகும்போது அரை மணி, அக்டோபரில் ஒரு மத்தியானம். இவ்வளவுதான் அவர்கள் சந்தித்த நேரம். மற்ற நாட்களில் ஆர்லன் என்ன செய்தான் என்று பின்னாளில் எனக்குத் தெரிந்தது. பாலும் ரொட்டியும் வாங்க அவன் வீட்டிலிருந்து நாலு நிமிஷத்தில் ஒரு கடை இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பாறைச் சுவருக்கு அடியில் இருக்கும் கடைக்குப் போவானாம். வழியில் அவள் வீட்டு ஜன்னலில் விளக்கு தெரியும். நிறுத்த மாட்டான், வேகத்தைக்கூடக் குறைக்க மாட்டான்.

ஒரு முறை கேட்டேன், "நீ ஏன் அவளைச் சாப்பிட எங்கேயாவது கூட்டிட்டுப் போகக் கூடாது?"

"லீஃப் என் ஃபிரெண்டு, லோர்னா."

"லீஃப் செத்து அஞ்சு வருஷமாச்சு."

"அதுக்காக ஃபிரெண்டு இல்லன்னு ஆயிடுமா?"

அவள் சொன்னதை அப்போதே அவனிடம் போட்டு உடைத்திருக்கலாம். வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கைக் காப்பாற்றியதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இன்று நினைத்தால் அந்தப் பெருமையைத் தூக்கிக் குப்பையில் போடத் தோன்றுகிறது.

பத்தாவது வருஷம் குளிர் முந்திக்கொண்டது. அக்டோபர் ஏழாம் தேதி, திங்கட்கிழமை. புதன்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி போகும் என்று வானொலியில் சொன்னார்கள். அன்று காலை எட்டு மணிக்கு அடிக்க ஆரம்பித்த ஃபோன் மத்தியானம் வரை ஓயவில்லை. பட்டியலில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் வீடுகள். இரண்டு நாளில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள், வெளியூர் போனவர்கள் என்று பிரித்து முப்பத்தைந்து வீடுகளை முன்னால் இழுத்தேன். மற்றவர்களிடம், "நிலவறைல வால்வை மூடுங்க, வெளிய பித்தளைக்குப் போர்வை சுத்துங்க, கும்பிட்டுக்கோங்க" என்றேன்.

கார்லிஸுக்கு நானே ஃபோன் செய்தேன். "நாளைக்குக் காலைல முதல் வீடா ஆர்லனை அங்க அனுப்பறேன்."

"வேண்டாம்."

"கார்லிஸ், விளையாடற நேரமா இது?"

"இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டுதான். வருஷத்துல ஒரு மத்தியானம், லோர்னா. அதையும் பத்து நிமிஷமா நறுக்கிடாதீங்க. அதுவும் இந்த வருஷம்."

'அதுவும் இந்த வருஷம்' என்றது காதில் விழுந்தது. ஏன் என்று கேட்கவில்லை, அடுத்த ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. "வால்வையாவது மூடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆர்லன் ரோட்டிலிருந்து கூப்பிட்டான். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் கேட்ட முதல் கேள்வி, "மிஸஸ் ஹாகன் வீடு எப்போ?"

"அவங்க போர்வை சுத்திக்கறாங்களாம். நீ மத்தவங்களைப் பாரு."

அவன் "சரி" என்றான்.

கார்லிஸ் போர்வை சுற்றத்தான் செய்தாள். நிலவறைக்கும் போனாள். ஆனால் வால்வுக் கைப்பிடி இறுகிப்போய் நகரவில்லை. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஃபோன் வந்தது. "லோர்னா, என் வீட்டுச் சுவர் கண்ணாடி ஆயிடுச்சு."

அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். ஒரு இடத்தைத் தவிர இரண்டு கதையும் ஒத்துப்போகிறது.

பித்தளை வால்வு நடுவில் பிளந்திருந்தது. இராத்திரி முழுக்கப் பீய்ச்சிய தண்ணீர் சுவரிலும், ஜன்னலிலும், லீஃப் நட்ட லைலாக் புதரிலும் விழுந்து விழுந்து உறைந்து, விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. காலை வெயிலில் எல்லாம் பளபளவென்று மின்னியதாம். கார்லிஸ் வாசலில் லீஃபின் பழைய ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஆர்லன் நேராக நிலவறைக்குப் போய், குறட்டால் கைப்பிடியைத் திருப்பித் தண்ணீரை நிறுத்தினான். மேலே வந்தான். பனிக்கட்டியைப் பார்த்தான். பத்து வருஷத்தில் முதல் முறையாக அவளிடம் குரலை உயர்த்தினான்.

"முந்நூறு வீடு, மிஸஸ் ஹாகன்! முந்நூறு வீட்டுல உங்க வீட்டை மட்டும் ஏன் எப்பவும் கடைசில போட்டு வெக்கறாங்க? லோர்னாவுக்கு மூளை இருக்கா? நான் சொல்லிச் சொல்லி..."

"லோர்னாவைத் திட்டாதீங்க. நான்தான் போடச் சொன்னேன்."

"என்னது?"

"நான்தான். ஒவ்வொரு வருஷமும். ஒம்போது வருஷமா."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்களுக்கு ஒரு வீட்டுல காபி குடிக்க நேரம் கிடைக்கணுமேன்னுதான். வேற எதுக்கு? நான் என்ன, குழாய் ஊதற சத்தத்துக்காகவா காத்துட்டிருக்கேன்?"

ஆர்லன் கையிலிருந்த குறடு பனியில் விழுந்ததாம். அவன் குனிந்து அதைத் தேடினான். தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். அது அவன் காலடியிலேயே கிடந்தது.

"அப்புறம்," என்றாள் கார்லிஸ், "இனிமே மிஸஸ் ஹாகன்னு கூப்பிட்டா கதவைத் திறக்க மாட்டேன்."

இந்த இடத்தில்தான் இரண்டு கதையும் மாறுகிறது. அழுதது கார்லிஸ் என்று ஆர்லன் சொல்கிறான். அவன்தான் அழுதான் என்று அவள் சொல்கிறாள்.

அதற்கப்புறமும் அவன் வேலையைத்தான் செய்தான். வேறென்ன செய்வான்? பிளந்ததை அறுத்தெடுத்துப் புதுப் பித்தளையைப் பொருத்தினான். மண் இன்னும் சூடாகவே இருந்ததால் உள்ளே குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்ப்ரஸரை ஓடவிட்டு ஏழு பகுதிகளையும் ஊதினான். பனிக்கட்டிக்கு நடுவே தெளிப்பான்கள் தலை நீட்டிப் புகை விட்டன. அன்று காபி இல்லை. அவனுக்கு இன்னும் பன்னிரண்டு வீடுகள் பாக்கியிருந்தன.

சாயங்காலம் கையுறையைக்கூடக் கழற்றாமல் என் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை வருஷமா?"

"முதல்லேர்ந்து. முழுசாத் தெரிஞ்சது மூணாவது வருஷம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லாதேன்னா, ஆர்லன்."

"நீ என்கிட்ட எல்லாத்தையும் சொல்வியே. உன் பித்தப்பைக் கல்லு எந்த சைஸுன்னு சொன்னியே! இதைச் சொல்லலையே நீ."

முன்னறையில் கில்பர்ட் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் அது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. "டேய், இப்ப தெரிஞ்சுடுச்சு இல்ல?" என்றார் அங்கிருந்தே. "ஞாயித்துக்கிழமை குளிச்சு, நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போ. அந்தக் கம்ப்ரஸரை வீட்டுலயே விட்டுட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை போனான். அம்மா வழியில் வந்த முறைப்படி, ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர்கள் செய்கிற பிளம் பழக் கூகன் கேக் ஒன்றைத் தானே சுட்டு எடுத்துக்கொண்டு போனான். ஓரம் கருகியிருந்தது. சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

கார்லிஸ் அதை வாங்கி மேசையில் வைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, பேருந்தில் குழந்தைகளிடம் சொல்வதுபோல நேராகச் சொன்னாள். வீட்டை விற்றாகிவிட்டது. செப்டம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அரிசோனாவில், மேசா என்ற ஊரில் இருக்கும் மகள் சோல்வேய்க்கு இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறது. ஏற்கெனவே இரண்டு. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். கார்லிஸ் போயே ஆக வேண்டும்.

"எப்போ?"

"நவம்பர் பதினஞ்சு."

"அப்போ இருபத்தெட்டாம் தேதி..."

"அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதான் அந்த மத்தியானம் எனக்கு முழுசா வேணும்னு லோர்னாகிட்ட சண்டை போட்டேன்."

ஆர்லன் கூகனின் கருகிய ஓரத்தை விரலால் சுரண்டினானாம். பிறகு கேட்டான், "நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க இங்கயே இருந்திருப்பீங்களா?"

"எந்த வருஷம்?" என்றாள் கார்லிஸ்.

"லீஃப் என் ஃபிரெண்டு" என்றான்.

"எனக்கும்தான்" என்றாள் அவள். "கூகனை வெட்டுங்க. கருகினது எனக்கு."

அந்த ஐந்து வாரமும் அவன் தினமும் அங்கே போனான். வேலை முடிந்து மூன்று மணிக்குப் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவான், ஊர் வாயை நினைத்து. ஊர் எப்படியும் பேசியது. இருபத்தெட்டாம் தேதி ஊதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் போனான். அன்றைக்கு முழு மத்தியானமும் சமையலறையில் உட்கார்ந்து, வீட்டை வாங்கியவர்களுக்காகப் பெரிய காகிதத்தில் குழாய்களின் வரைபடம் போட்டான். எந்த வால்வு எங்கே, எந்தத் தெளிப்பான் எந்தப் பக்கம் திரும்பும், லைலாக்குக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்றெல்லாம். கார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து கலர் பென்சில்களைச் சீவிக் கொடுத்தாள். "பள்ளிக்கூடத்துல படம் போட்ட பசங்க மாதிரி இருந்தோம்" என்று ஆர்லன் பின்னால் சொன்னான். அவன் வாழ்க்கையில் அதுதான் நல்ல நாள் என்றும் சொன்னான்.

சாமான்களை அவன்தான் லாரியில் ஏற்றினான். லீஃபின் மீன்பிடி உபகரணங்களை அவள் அவனுக்கே கொடுத்துவிட்டாள். நவம்பர் பதினைந்து, காலையில் லேசாகப் பனி தூவியது. அவள் காரில் ஏறி ஜன்னலை இறக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கார் நகர்ந்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் ஆர்லன் மீன் பிடிக்கப் போகவில்லை. சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து கில்பர்ட்டோடு உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். பாலும் ரொட்டியும் இப்போதும் தூரத்துக் கடையில்தான் வாங்குகிறான் என்று பையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஜன்னலில் வேறு யாரோ விளக்குப் போட்டிருப்பார்கள். அது அவனுக்குத் தெரியாதா என்ன?

ஜனவரி நடுவில் கார்லிஸ் அவனை ஃபோனில் கூப்பிட்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் அவன் டிரக்குக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். விமானத்தில் ஏறாதவன். வயோமிங் பனிக்காற்றிலும் யூட்டா மலைகளிலும் இரண்டரை நாள் ஓட்டி, ஆயிரத்து நூறு மைல் தாண்டி மேசாவுக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே முதல் நாள் விடிந்ததும் அவன் கண்ட காட்சியை ஃபோனில் எனக்குச் சொன்னான். "லோர்னா, ஜனவரி மாசத்துல தெளிப்பான் சுத்துது! தெரு பூரா! புல்லு பச்சையா இருக்கு. எனக்கு ஓடிப்போய் எல்லாத்தையும் மூடணும்போல கை பரபரக்குது."

"கார்லிஸ் எப்படி இருக்கா?"

"ஒரு இடுப்புல ஒரு குழந்தை, இன்னொரு இடுப்புல இன்னொண்ணு. ராத்திரி தூக்கம் இல்ல. என்னைப் பாத்ததும், 'கை கழுவிட்டு வா, ஒண்ணைப் பிடி'ன்னா." அவன் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. 'வா' என்றதை அவன் எனக்காக இரண்டு முறை சொன்னான்.

ஆறு வாரம் அங்கே இருந்தான். சோல்வேயின் தெருவில் ஒழுகிய தெளிப்பான்களையெல்லாம், யாரும் கேட்காமலேயே, சரிசெய்து முடித்தான். அப்புறம் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. "இங்கேயே இருந்துடேன்" என்றாளாம் கார்லிஸ். அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "இங்க எதுவும் உறையறதில்லையே, கார்லிஸ். நான் எதைக் காப்பாத்தறது?" என்றான். அவளுக்கும் பில்லிங்ஸ் திரும்ப வழியில்லை. நாலு குழந்தைகளும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தன. கல்யாணம் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. மார்ச் முதல் வாரம் அவன் வடக்கே திரும்பினான்.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கடைசி வீட்டை ஊதி முடித்ததும் கம்ப்ரஸரைக் கொட்டகையில் தள்ளிவிட்டுத் தெற்கே போகிறான். பனி உருகும்போது திரும்பி வருகிறான். வாத்துகளுக்கும் அவனுக்கும் ஒரே கால அட்டவணை என்று கில்பர்ட் கேலி செய்வார். மற்ற ஏழு மாதமும் ஃபோன்தான். முதல் அக்டோபரில் கார்லிஸ் கேட்டாளாம், "இப்போ எங்க இருக்க? ஊதிட்டிருக்கியா? ஃபோனைப் புல்லு பக்கத்துல வை." அவன் ஒரு பல் டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் மண்டியிட்டு, ஃபோனைத் தெளிப்பானுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தான். டாக்டரின் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள், "உங்க ஆளு செடியோட பேசறாரு, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று.

போன அக்டோபரில் கார்லிஸே வந்தாள். இரட்டையர்கள் நடை பழகிவிட்டார்கள், சோல்வேயின் மாமியார் பத்து நாள் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். என் வீட்டு மாடியில்தான் தங்கினாள். இளைத்திருந்தாள், முகம் வெயிலில் கறுத்திருந்தது. காரிலிருந்து இறங்கியதும் பீட் வாடையை நெஞ்சு நிறைய இழுத்தாள். "நாறுது" என்று சொல்லிவிட்டு அழுதாள். இந்த முறை அழுதது யார் என்பதில் தகராறு இல்லை, நான் கண்ணால் பார்த்தேன்.

ஊர் சுற்ற, சிநேகிதிகளைப் பார்க்க என்று நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அவள் எதற்கும் வரவில்லை. ஒன்பது நாளும் காலை ஏழு மணிக்கு, கம்பளிக் கோட்டும் காது மூடிய குல்லாயும் போட்டுக்கொண்டு ஆர்லனின் டிரக்கில் ஏறிவிடுவாள். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. அவன் காற்றுக்குழாயை மாட்டுவான், இவள் உள்ளே போய்ப் பகுதி பகுதியாகத் திறப்பாள்.

"மூணு!" என்று உள்ளேயிருந்து அவள் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"கேக்குது, கேக்குது! நான் என்ன பஸ்ஸோட கடைசி சீட்லயா இருக்கேன்?"

"கடைசி சீட்டுக்காரன்தான் எப்பவும் திருட்டு முழி முழிப்பான்!"

மத்தியானம் டிரக்கிலேயே உட்கார்ந்து நான் கட்டிக்கொடுத்த மான்கறி சாண்ட்விச்சைச் சாப்பிடுவார்கள். ஜன்னலை இறக்கி வைத்திருப்பாளாம். "குளிருதேன்னு மூடப் போனா கையைத் தட்டிவிடறா" என்றான் ஆர்லன். அவளுக்குக் குளிர் வேண்டியிருந்தது. அங்கே இரவில்கூட அது கிடைப்பதில்லை.

பத்தாவது நாள் காலை அவளை விமான நிலையத்துக்கு அவன்தான் கூட்டிப்போனான், கம்ப்ரஸர் வண்டியையும் பின்னால் இழுத்துக்கொண்டு. எங்கள் விமான நிலையம் பாறைச் சுவரின் உச்சியில் இருக்கிறது. அங்கே நின்றால் ஊர் முழுக்கக் கீழே தெரியும். கூரைகள், சர்க்கரை ஆலையின் புகை, பழுப்பாகிப் போன புல்தரைகள், அவன் ஊதிய வீடுகளும் இன்னும் ஊதாத வீடுகளும். இரண்டு பேரும் வேலி ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்களாம். அவள் வீட்டை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை, லைலாக் இப்போது கூரைக்கு மேலே வளர்ந்துவிட்டது. அவன் விரல் நீட்டிக் காட்டினான்.

"நவம்பர்ல வருவ இல்ல?" என்றாள்.

"கடைசி வீடு முடிஞ்சதும்."

"சீக்கிரம் முடி" என்றாள், உள்ளே போனாள்.

விமானம் மேலேறித் தெற்கே திரும்பிப் புள்ளியாகும்வரை அவன் அங்கேயே நின்றான். காற்று திசை மாறி வடக்கிலிருந்து வீச ஆரம்பித்திருந்தது. வானொலியில் அன்றிரவு உறையும் என்று சொல்லியிருந்தார்கள், எனக்குக் காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. அதில் ஒன்று அவனுடையது. எடுத்ததும் காற்றின் சத்தம்தான் கேட்டது.

"அடுத்த வீடு எது, லோர்னா?"

பட்டியலைப் பார்த்து விலாசத்தைச் சொன்னேன்.